ஆர்க்டிக் கடல் எப்போது உறையும்? கடல்நீர் அளவீடுகளை வைத்துக் கணிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 அக்டோபர் கடைசி வாரம் வரை, சைபீரியாவுக்கு வடக்கே உள்ள லாப்டேவ் கடல் உறையவே இல்லை. 1978-ல் செயற்கைக்கோள் பதிவு தொடங்கிய பிறகு அங்கே அவ்வளவு தாமதம் அதுவரை ஆனதில்லை. மறு ஆண்டு 2021 நவம்பரில், அந்தக் கடலைக் கடந்து ரஷ்யாவின் வடகரையை ஒட்டிச் செல்லும் வடக்குக் கடல்வழி என்ற கப்பல் பாதையில் பனி எதிர்பார்த்ததைவிட முன்னதாக இறுகிவிட்டது. சுமார் இருபது கப்பல்கள் நடுவழியில் மாட்டிக்கொண்டன. பனி உடைக்கும் கப்பல்கள் போய்த்தான் அவற்றை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. பூமி சூடாகிறது, அதனால் பனி வருடா வருடம் தள்ளிப்போகும் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்த மாலுமிக்கு அந்த நவம்பரில் அது உதவவில்லை. அந்தந்த ஆண்டு, அந்தந்தக் கடலில் எவ்வளவு வெப்பம் மிஞ்சியிருக்கிறது என்பதை நீருக்குள் இறங்கி அளந்தாக வேண்டும். இந்தப் பக்கம் முழுவதும் அதைப் பற்றித்தான்.

காற்று மைனஸ் பத்து டிகிரிக்குப் போன பிறகும் கடல் ஏன் உறையாமல் இருக்கிறது?

கோடையில் வாங்கிவைத்த வெப்பத்தைக் கொடுத்துத் தீர்க்கும்வரை கடல் உறையாது. அது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

மேல்மட்டத்தில் 20 மீட்டர் தடிமனுக்கு நீர் நன்றாகக் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்புக்குக் கீழே உள்ள அந்த நீரை ஒரு டிகிரி குளிரவைக்க ஏறத்தாழ 8.2 கோடி ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். இலையுதிர் காலத்தில் கடற்பரப்பு சதுர மீட்டருக்கு 100 வாட் வீதம் வெப்பத்தை இழக்கிறது என்றால், ஒரு நாளில் போவது சுமார் 86 லட்சம் ஜூல். ஆக, ஒரே ஒரு டிகிரி இறங்க ஒன்பதரை நாள் ஆகிறது. செப்டம்பர் நடுவில் நீர் உறைநிலைக்கு 3 டிகிரி மேலே இருந்தால், உறையத் தொடங்கவே நான்கு வாரம் வேண்டும்.

அதே 100 வாட் இழப்பில் ஒரு சென்டிமீட்டர் பனி உருவாக எட்டு ஒன்பது மணி நேரம் போதும். குளிர்வதற்குத்தான் காலம் பிடிக்கிறது. அந்த வேலை முடிந்துவிட்டால் உறைதல் ஓரிரவில் நடந்துவிடும். முந்தின நாள் வரை அலையடித்துக்கொண்டிருந்த விரிகுடா காலையில் மூடிக்கிடப்பதைப் பார்த்து, திடீரென்று உறைந்துவிட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் வாரக்கணக்கில் நடந்த வெப்ப இழப்பின் கடைசிக் கட்டம் அது.

ஒரு சதுர மீட்டருக்கு மேலே நிற்கும் மொத்த வளிமண்டலத்தின் வெப்பக் கொள்ளளவு, வெறும் இரண்டரை மீட்டர் கடல்நீருக்குச் சமம். காற்று ஒரு நாளில் மாறும், கடல் மாறாது. முன்கணிப்பு சாத்தியமாவதே கடலின் இந்த மந்தத்தால்தான்.

கடல்நீர் சரியாக எத்தனை டிகிரியில் உறையும்?

உப்பைப் பொறுத்தது. ஒரு கிலோ நீரில் 35 கிராம் உப்பு இருந்தால் மைனஸ் 1.9 டிகிரி, 28 கிராம் இருந்தால் மைனஸ் 1.5, ஆற்றுநீர் கலந்து 10 கிராமாகக் குறைந்தால் மைனஸ் 0.5 வாக்கில். அதனால் வெப்பநிலையை மட்டும் அளந்து எந்தப் பயனும் இல்லை. பக்கத்திலேயே உப்புத்தன்மையையும் அளந்தால்தான் உறைநிலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

உப்புக்கு இன்னொரு பங்கும் உண்டு, அது இன்னும் முக்கியமானது. ஏரி நீர் 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியுடன் இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த நீர் லேசாகி மேலேயே தங்கிவிடுகிறது, ஆகவே ஏரியின் மேற்பரப்பு சீக்கிரம் உறைகிறது. கிலோவுக்கு 24.7 கிராமுக்கு மேல் உப்பு உள்ள கடல்நீரில் இந்தச் சலுகை இல்லை. உறைநிலைவரை குளிரக் குளிர கனமாகிக்கொண்டே போய்க் கீழே இறங்குகிறது. அடியிலிருந்து வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. கலக்கக்கூடிய அடுக்கு முழுவதும் உறைநிலையை எட்டினால்தான் மேலே பனி கட்டும்.

அந்த அடுக்கின் ஆழத்தைத் தீர்மானிப்பதும் உப்புதான். ஆர்க்டிக்கில் லேனா, யெனிசெய், ஓப், மெக்கன்சி போன்ற பெரிய ஆறுகள் கொட்டும் நன்னீரும் உருகிய பனியும் மேலே மிதக்க, அடியில் உப்பு மிகுந்த நீர் கிடக்கிறது. மேலடுக்கு மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் குளிர்ந்து உறையும். புயல் வந்து அதைக் கலைத்துவிட்டால் கதை வேறு.

நீருக்குள் அளப்பது யார்? எப்படி?

ஓர் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். கனடாவின் நுனாவுட் பகுதியில், விக்டோரியா தீவின் தென்கரையில் கேம்பிரிட்ஜ் பே என்ற ஊர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 1,800. பெரும்பாலோர் இனுயிட் மக்கள். விக்டோரியா பல்கலைக்கழகம் நடத்தும் ஓஷன் நெட்வொர்க்ஸ் கனடா, 2012-ல் அந்த விரிகுடாவின் அடியில், பத்து மீட்டருக்கும் குறைந்த ஆழத்தில், ஒரு கருவி மேடையை இறக்கியது. கரையிலிருந்து கேபிளில் மின்சாரம் போகிறது, அதே கேபிளில் தரவு திரும்பி வருகிறது. பனி மூடிய பிறகும் அளவீடு நிற்பதில்லை. வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்ஸிஜன் ஆகியவற்றுக்கான உணரிகள், ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அறியும், மேல்நோக்கிப் பார்க்கும் சோனார், கேமரா, நீரடி ஒலிவாங்கி எல்லாம் அங்கே இருக்கின்றன. கரையில் ஒரு வானிலை நிலையமும் உண்டு.

கேபிள் போட முடியாத நடுக்கடலில் வேறு வழிகள். சர்வதேச ஆர்க்டிக் மிதவைத் திட்டத்தின் மிதவைகள் 1979 முதல் பனியோடு பனியாக நகர்ந்தபடி காற்றழுத்தம், வெப்பநிலை, தங்கள் இருப்பிடம் ஆகியவற்றை அனுப்புகின்றன. பனித்தட்டில் துளையிட்டு நீண்ட கம்பியைத் தொங்கவிட்டு, அதில் ஏறி இறங்கி அளக்கும் கருவிகளை அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனம் 2004 முதல் நிறுவிவருகிறது. அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே 85 கிலோமீட்டர் அகலமும் 50 மீட்டர் ஆழமுமே உள்ள பெரிங் நீரிணையில், 1990 முதல் நங்கூரமிட்ட கருவிகள் இருக்கின்றன. பசிபிக் பெருங்கடலிலிருந்து நீரிணைக்கு வடக்கே உள்ள சுக்சி கடலுக்குப் போகும் வெப்பம் அத்தனையும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போக வேண்டும். கோடையில் அங்கே வெதுவெதுப்பான நீர் அதிகம் நுழைந்த ஆண்டில் சுக்சி கடல் உறையத் தாமதமாகும் என்று எதிர்பார்க்க நல்ல காரணம் இருக்கிறது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், காங்ஸ்ஃபியோர்ட் என்ற குறுகிய கடல் நுழைவில் (ஃபியோர்டு) இந்தியா 2014-ல் இறக்கிய இன்டார்க் என்ற நங்கூரக் கருவித்தொடர் 192 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான உப்புநீர் உள்ளே புகுந்து கலப்பதால், அந்த ஃபியோர்டில் முன்பெல்லாம் வழக்கமாக உறைந்த பகுதிகள் இப்போது பல குளிர்காலங்களில் திறந்தே கிடக்கின்றன. காற்றின் குளிரை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது பிடிபடாது.

செயற்கைக்கோள் இருக்கும்போது கடலுக்குள் கருவி எதற்கு?

உறைந்தபின் உறைந்தது என்று சொல்ல செயற்கைக்கோள் அருமையான கருவி. மேகமோ துருவ இரவோ நுண்ணலை உணரியைத் தடுக்காது. ஆனால் அது பார்ப்பது மேற்பரப்பை மட்டுமே. பத்து மீட்டர் ஆழத்தில் எவ்வளவு வெப்பம் பாக்கி என்று அதற்குத் தெரியாது. நீண்டகாலப் பதிவின் வரைபடத்தில் ஒரு சதுரக் கட்டத்தின் பக்கம் 25 கிலோமீட்டர் என்பதால், சின்ன விரிகுடா ஒன்றை நிலத்திலிருந்து பிரித்துப் பார்ப்பதே சிரமம். புதிதாகக் கட்டிய மெல்லிய பனியையும் சில நேரம் தவறவிட்டுவிடும்.

கணிப்பை எப்படிச் செய்கிறார்கள்?

மிக எளிய வழி, பழைய தேதிகளின் சராசரி. ஒரு கணிப்பு முறைக்கு மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்; சராசரியைக்கூட வெல்ல முடியாத கணிப்பால் யாருக்கும் பயன் இல்லை. அதற்கு அடுத்தது, அந்த ஆண்டு பனி எப்போது உருகி விலகியது என்பதைச் சேர்ப்பது. பனியும் அதன்மேல் கிடக்கும் வெண்பனியும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடல்நீர் 90 சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சிக்கொள்ளும். ஜூலை கடைசியில் திறக்க வேண்டிய கடல் ஜூன் கடைசியிலேயே திறந்தால், ஒரு மாத வெயில் கூடுதலாக நீருக்குள் போகிறது. சீக்கிரம் உருகிய இடம் தாமதமாக உறையும் என்ற இந்தத் தொடர்பு ஆர்க்டிக்கின் பல கடல்களில் தெளிவாகவே தெரிகிறது.

எனக்கு நம்பிக்கை தரும் வழி வெப்பக் கணக்குதான். இன்று அளந்த வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் ஆழவாரியாக எடுத்துக்கொள்கிறார்கள். வானிலை முன்னறிவிப்பு தரும் காற்று வெப்பநிலை, காற்றின் வேகம், ஈரப்பதம், மேகமூட்டம் ஆகியவற்றிலிருந்து தினமும் எவ்வளவு வெப்பம் வெளியேறும் என்று கணிக்கிறார்கள். பிறகு நாள் நாளாகக் கழித்துக்கொண்டே போய், நீரின் கோடு உறைநிலைக் கோட்டைத் தொடும் நாளைக் கண்டுபிடிக்கிறார்கள். முன்னறிவிப்பு ஒன்றல்ல, சிறுசிறு மாற்றங்களோடு பல கணினி ஓட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வரும். ஆகவே பொறுப்பான கணிப்பு ஒற்றைத் தேதியைச் சொல்லாது. அக்டோபர் 10-க்கும் 18-க்கும் இடையில், 13-ஐ ஒட்டி வாய்ப்பு அதிகம் என்பதுபோலச் சொல்லும். இடைவெளி சொல்லாமல் ஒரே தேதி கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

புதிய அளவீடு வரவர கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். நேரடித் தரவின் பெரிய பலன் அதுதான். நேற்று கணித்ததைவிட நீர் இன்று 0.1 டிகிரி சூடாக இருந்தால், 20 மீட்டர் அடுக்கில் அது ஒரு நாள் தாமதம். உடனே தெரிந்துவிடும்.

எவ்வளவு முன்னதாகச் சொல்ல முடியும்?

வானிலையை நம்பி ஒரு வாரம், பத்து நாள். அதற்குமேல் கைகொடுப்பது கடலின் நினைவு மட்டுமே. கோடை முடிவில் தேங்கிய வெப்பம் ஒன்றிரண்டு மாதம் வரை தகவல் தாங்கி நிற்கும். சராசரியைவிட சீக்கிரமா, தாமதமா என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

கெடுப்பது பெரும்பாலும் காற்று. பலத்த காற்று முதலில் நீரைக் குளிர்விக்கும், அதே காற்று அடியில் புதைந்திருக்கும் வெப்பத்தைக் கிளறி மேலே கொண்டும் வரும். அலாஸ்காவுக்கும் கனடாவுக்கும் வடக்கே உள்ள போஃபோர்ட் கடல் பக்கம், கோடை வெயிலில் சூடான நீர் 20 மீட்டர் ஆழம் வாக்கில் ஓர் அடுக்காகச் சிக்கிக்கொள்வது வழக்கம். மேலே நீர் உறைநிலையைத் தொட்டுவிட்டதே என்று பார்த்துக்கொண்டிருக்கையில், ஒரு புயல் அந்த வெப்பத்தை எழுப்பிவிட்டால் உறைதல் சில நாள் தள்ளிப்போகும். இந்த அடுக்கு இருக்கிறதா இல்லையா என்பது ஆழவாரி அளவீடு இருந்தால்தான் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு இதைத் தீர்த்துவிடாதா?

உதவுகிறது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் சர்வேயும் ஆலன் டூரிங் நிறுவனமும் சேர்ந்து 2021-ல் வெளியிட்ட ஐஸ்நெட், ஆறு மாதம் முன்னதாகவரை மாதாந்தரக் கடல்பனிப் பரப்பைக் கணிக்கிறது. பனி இருக்குமா இருக்காதா என்பதில் இயற்பியல் விதிகளை வைத்துக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்கு அது நன்றாகவே ஈடுகொடுக்கிறது. ஆனால் எந்தக் கற்றல் முறைக்கும் பழைய பதிவுகள்தான் பாடம். ஆர்க்டிக்கில் நீருக்கு அடியிலான நீண்ட பதிவுகள் மிகக் குறைவு. இதுவரை பார்த்திராத கோடை ஒன்று வரும்போது பழைய பாடம் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது திறந்த கேள்வி. அளவீட்டுக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை மாதிரிக்கு மட்டும் கொட்டுவது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன்.

2020-ல் லாப்டேவ் கடலில் என்னதான் நடந்தது?

அந்த ஆண்டு சைபீரியாவில் வசந்தத்திலிருந்தே கடும் வெப்பம். ஜூன் 20 அன்று வெர்கோயான்ஸ்க் நகரில் 38 டிகிரி பதிவானது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு பின்னர் அதை ஏற்றுக்கொண்டது. கரையோரப் பனி சீக்கிரமே விலகியது. வெயில் உச்சத்தில் இருந்த வாரங்களில் கடல் திறந்துகிடந்தது. அங்கே கடல் ஆழம் குறைந்த மேடைப்பகுதி என்பதால், சேர்ந்த வெப்பம் ஆழத்தில் போய்க் கரைந்துவிடவும் வழியில்லை. மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால் அக்டோபர் தாமதம் வியப்பே இல்லை. ஜூலையிலேயே அதற்கான அறிகுறி கடலில் இருந்தது.

உறைந்த நாள் என்று எதைச் சொல்கிறார்கள்?

ஆளுக்கு ஆள் வேறுபடும், அதனால் கணிப்புகளை ஒப்பிடும்முன் இதைக் கேட்டுவிட வேண்டும். செயற்கைக்கோள் வரைபடத்தில் ஒரு கட்டத்தின் 15 சதவீதத்தைப் பனி மூடினால் பனி உள்ள இடம் என்று கணக்கு. துறைமுகத்துக்கு அது போதாது. வேட்டைக்குப் போகிறவருக்கு அது எந்த விதத்திலும் உறைந்த நாள் ஆகாது.

கடலடிக் கருவியில் அந்த நாள் பல தடயங்களோடு வரும். வாரக்கணக்கில் சரிந்துவந்த வெப்பநிலைக் கோடு, உறைநிலையைத் தொட்டதும் சரிவதை நிறுத்தி அதையே ஒட்டிக்கொள்ளும். சில நேரம் ஒரு டிகிரியில் நூறில் ஒன்றிரண்டு பங்கு உறைநிலைக்குக் கீழே போய்த் திரும்பும். நீரில் ஊசி ஊசியாகப் பனிப்படிகங்கள் பிறக்கும் தருணம் அது. பிறகு உப்புத்தன்மை மெல்ல ஏறத் தொடங்கும். உறையும் நீர் தன் உப்பில் பெரும்பகுதியை வெளியே தள்ளுவதால், அது அடர்ந்த உப்புநீராகக் கீழே இறங்கிவருகிறது. அழுத்த உணரியில் தெரிந்த சிற்றலைகள் மறையும், ஒலிவாங்கியில் அலையின் இரைச்சல் அடங்கும், சோனாருக்குத் தலைக்குமேல் அசையாத ஒரு கூரை கிடைக்கும். இத்தனையும் ஒன்றாகச் சேரும்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

முதல் பனி வந்ததும் அதன்மேல் போகலாமா?

கூடாது. பத்து சென்டிமீட்டர்வரை உள்ள பனி, நிலாஸ் எனப்படும் மெல்லிய தகடு. அலை வந்தால் வளைந்துகொடுக்கும். 10 முதல் 15 வரை சாம்பல் பனி, 30 வரை சாம்பல் வெள்ளைப் பனி. அதற்குமேல்தான் ஓராண்டுப் பனி என்ற கணக்கில் வரும். உள்ளே உப்புநீர்த் துளிகள் சிக்கியிருப்பதால், அதே தடிமன் உள்ள ஏரிப் பனியைவிடக் கடல்பனி பலம் குறைந்தது.

தடிமன் வளர்வதைக் கணிக்க ஜோசப் ஸ்டெஃபான் 1891-ல் தந்த விதியே இன்றும் அடிப்படை. பனியே காற்றுக்கும் நீருக்கும் நடுவே காப்பாகிவிடுவதால், தடிக்கத் தடிக்க வளர்ச்சி குறையும். ரஷ்ய விஞ்ஞானி லெபெடெவின் 1938-ஆம் ஆண்டு அனுபவச் சூத்திரப்படி, பத்து நாள் மைனஸ் 20 டிகிரி நீடித்தால் சுமார் 27 சென்டிமீட்டர் வரும். முப்பது நாள் நீடித்தால் மும்மடங்கு வராது, ஐம்பதை ஒட்டித்தான் வரும். மேலே வெண்பனி அதிகம் விழுந்தால் அதைவிடக் குறையும். அடியில் நீரோட்டம் வேகமாக இருக்கும் இடங்களில் எந்தச் சூத்திரமும் செல்லாது.

அங்கே வாழும் மக்களுக்கு இந்தக் கணிப்பு உண்மையில் பயன்படுகிறதா?

இனுயிட் ஊர்களுக்குக் கடல்பனிதான் நெடுஞ்சாலை. ஸ்னோமொபைலில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அடுத்த ஊருக்கும் போவது அதன்மேல்தான். படகுக்கும் ஆகாது, வண்டிக்கும் ஆகாது என்ற இடைக்காலம் எத்தனை வாரம் நீளும் என்று முன்பே தெரிந்தால், எரிபொருளும் உணவும் அதற்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். கடைசிச் சரக்குக் கப்பலின் வருகையும் இதைப் பொறுத்ததே.

ஆனால் கணிப்பைப் பார்த்து யாரும் பனியில் காலெடுத்து வைப்பதில்லை, வைக்கவும் கூடாது. ஈட்டியால் குத்திப் பார்த்து, நிறம் பார்த்து, நீரோட்டம் தெரிந்து முடிவு செய்யும் அறிவு தலைமுறைகளாக அங்கே இருக்கிறது. ஸ்மார்ட்ஐஸ் என்ற கனடிய அமைப்பு இதைப் புரிந்துகொண்டு வேலை செய்கிறது. பனியில் பதிக்கும் உணரியையும் சறுக்குவண்டியில் இழுத்துச் செல்லும் தடிமன் அளவியையும் ஊர்க்காரர்களே இயக்குகிறார்கள். எங்கே அளப்பது என்பதையும் அவர்களே தீர்மானிக்கிறார்கள். நீரடித் தரவு எப்போது என்பதற்கு உதவும். எங்கே கால்வைக்கலாம் என்பதை அந்த மக்களின் அறிவுதான் சொல்லும்.

உறையும் தேதி தள்ளிப்போகிறதா?

ஆம். ஆர்க்டிக் உருகுகாலம் 1979 முதல் 2013 வரை பத்தாண்டுக்குச் சராசரியாக 5 நாள் நீண்டது; அதில் பெரும்பங்கு இலையுதிர்கால உறைதல் தாமதமானதால் வந்தது.

அளவீட்டில் பெரிய குறை என்ன?

மிக முக்கியமான மேலடுக்கே சரியாக அளக்கப்படுவதில்லை. நங்கூரக் கருவித்தொடரின் உச்சியைப் பரப்புக்குப் பக்கத்தில் வைத்தால், பனி முகடுகளின் அடிப்பகுதி வந்து அறுத்துக்கொண்டு போய்விடும். ஆகவே முப்பது நாற்பது மீட்டர் கீழேயே நிறுத்துகிறார்கள். உறைதலைத் தீர்மானிக்கும் முதல் இருபது மீட்டர் அப்படியே விட்டுப்போகிறது. பல கருவிகளின் தரவு, அடுத்த ஆண்டு கப்பல் போய் எடுத்துவந்த பிறகுதான் கைக்கு வருகிறது. கணிப்புக்கு அது காலங்கடந்த செய்தி. உணரிகளில் உயிரினங்கள் படர்ந்து உப்பளவு மெல்ல விலகுவதும் நடக்கும். உப்பளவு கிலோவுக்கு ஒரு கிராம் தவறினால் உறைநிலை 0.05 டிகிரிக்கு மேல் தவறும், தேதி அரை நாள் நகரும். கேம்பிரிட்ஜ் பே மாதிரி கேபிள் இணைப்பு உள்ள இடங்கள் கூடினால் இதில் பெரும்பகுதி தீரும். அதற்கு வேண்டியது ஒரு முறை நிறுவும் நிதியல்ல, ஆண்டுக்கு ஆண்டு பராமரிக்கும் நிதி.

ஒரு பருவத்தை நானே பின்தொடர முடியுமா?

முடியும். ஓஷன் நெட்வொர்க்ஸ் கனடாவின் தரவு பொதுவில் கிடைக்கிறது. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து தினமும் நீரின் வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் குறித்துக்கொள்ளுங்கள். உப்பளவை மைனஸ் 0.054-ஆல் பெருக்கினால் உறைநிலை ஏறத்தாழ வந்துவிடும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை வரைபடமாகப் போட்டு, கடைசி பத்து நாளின் சரிவை நீட்டிப் பாருங்கள். அது பூஜ்யத்தைத் தொடும் நாள் உங்கள் கணிப்பு. வாரம் ஒரு முறை திருத்தி எழுதி, பழைய தேதிகளையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேதி எந்த வாரம் நகர்ந்ததோ அந்த வாரக் காற்றின் வேகத்தை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் அங்கே கிடைக்கும். பனி வந்ததா என்பதை அதே மேடையின் சோனார் பதிவில் சரிபார்த்துக்கொள்ளலாம்.